பல மரங்கண்ட தச்சர்

பல மரங்கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இப்பழமொழியைப் பிறர் தலையில் எறிவதற்கு நம் நாட்டில் என்றுமே ஆட்பஞ்சம் இருந்ததில்லை. ஒருவர் காலையில் தறியில் உட்கார்ந்து மாலையில் சாயச்சாடியைக் கலக்கினால் போதும். இவர் எதையும் முடிக்கமாட்டார் என்று தெருத்திண்ணை தீர்ப்பளித்துவிடும். நேற்று வகுத்த திட்டத்தை இன்று மாற்றினாலோ, கேட்கவே வேண்டுவதில்லை. நிலையில்லாதவர் என்ற பட்டமும் கூடவே வந்து சேரும். பொதுக்காரியங்களில் இறங்கிய நம் நேயர்களில் பெரும்பாலார் இவ்விரண்டு பட்டங்களையும் ஒரு முறையாவது பெற்றிருப்பார்கள் என்பது நமது ஊகம்.

வாக்குமூலம் முன்னுக்குப்பின் முரணாயிருந்தால் வழக்குத் தோற்கும் என்பது நியாயஸ்தலத்து அனுபவம். அதை நாம் மறுக்க வரவில்லை. ஆனால் கைத்தொழிற்கூடம் நியாயஸ்தலமன்று. அங்கே சாட்சி சொல்வன மரமும் நூலும் சாயமும் காகிதமுமே. அச்சாட்சியத்தைக் கேட்ட பின்னரும், முன்பு வரைந்த திட்டத்தைப் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டு நிற்பவனை உறுதியுடையவன் என்பதா, செவியிருந்தும் கேளாதவன் என்பதா? இது வெறும் தர்க்கத்தால் தீரும் கேள்வியன்று. ஆதலின் ஒரு மனிதரின் தொழில் வரலாற்றை இன்று நேயர்கள் முன்னிலையில் வைத்து விசாரிக்க விரும்புகிறோம்.

இக்குற்றச்சாட்டுக்குக் கூண்டில் நிறுத்த, இங்கிலாந்து தேசத்து வில்லியம் மாரிஸைவிடத் தகுந்தவர் கிடையார். 1834-ம் வருஷம் பிறந்து 1896-ம் வருஷம் காலமான இவர், அறுபத்திரண்டு வருஷ ஆயுளில் கை வைத்த தொழில்களை எண்ணினாலே மூச்சு வாங்கும். பூத்தையல், மரச்சாமான், வர்ணக் கண்ணாடி, சுவரில் ஒட்டும் சித்திரக் காகிதம், சாயம், அச்சுத்துணி, பட்டு நெசவு, கம்பளம், சித்திரத் திரை, கையெழுத்துச் சுவடி, கடைசியில் புஸ்தக அச்சு. நடுவே காவியங்களும் கதைகளும் எழுதினார். பழைய கட்டடங்களைக் காக்க 1877-ல் ஒரு சங்கம் கண்டார். தெருமுனையில் நின்று தொழிலாளருக்குப் பிரசங்கம் செய்தார். ஒரு வேளைக்கு ஒரு வேலை என்பது அவர் அறியாத விரதம். வில்லியம் மாரிஸாக வாழ்ந்து, பத்துப் பேர் வேலையை ஒருவராகச் செய்ததே அவருக்கு வந்த வியாதி என்று வைத்தியர் ஒருவர் கருதியதாக அவருடைய சரித்திரத்தில் காண்கிறோம்.

தொடக்கத்தைப் பார்த்தால் திண்ணைத் தீர்ப்புக்கு அனுகூலமாகவே இருக்கிறது. செல்வக் குடும்பத்துப் பிள்ளை. செப்புச் சுரங்கப் பங்குகளின் வருமானம் கையில் இருந்தது. 1853-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் நுழைந்தபோது பாதிரியாராவதே உத்தேசம். அதை விட்டு, 1856-ம் வருஷ ஆரம்பத்தில் ஸ்ட்ரீட் என்ற கட்டடச் சிற்பியிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அந்த வருஷம் முடிவதற்குள் அதையும் விட்டு, ரோஸெட்டியின் சொற்கேட்டு ஓவியராகப் புறப்பட்டார். 1857-ல் ரோஸெட்டி, பர்ன்-ஜோன்ஸ் முதலிய நண்பர்களோடு கூடி ஆக்ஸ்போர்டு மாணவர் சங்க மண்டபத்தில் சுவர்ச் சித்திரம் தீட்டினார். புதிய செங்கற்சுவர், அதன்மேல் மெல்லிய வெள்ளைப்பூச்சு, அதன்மேல் நேரே வர்ணம். சுவரை முதலில் பக்குவம் செய்யவேண்டும் என்பதை அந்த உற்சாகத்தில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. சித்திரங்கள் வெகு சீக்கிரத்தில் மங்கத் தொடங்கின. இருபத்துமூன்று வயது, மூன்று தொழில், மிஞ்சியது மங்கிய சுவர்.

ஆயினும் அந்தச் சுவர் சொன்ன சாட்சியம் வீண் போகவில்லை. மேலே எழுதுவது எவ்வளவு அழகாயிருப்பினும் அடியிலுள்ள பொருள் இசையாவிட்டால் நில்லாது என்ற பாடம் அது. மாரிஸ் பிற்காலத்தில் எத்தொழிலைத் தொட்டாலும் அதன் மூலப்பொருளிலிருந்தே தொடங்கினார் என்பதைக் கீழே காண்போம்.

1859-ல் ஜேன் பர்டன் என்ற மாதை மணந்தார். லண்டனுக்கு அணித்தேயுள்ள கென்ட் மாகாணத்தில் அவருடைய நண்பர் பிலிப் வெப் கட்டிக்கொடுத்த செங்கல் வீட்டில் மறுவருஷம் குடிபுகுந்தார். 'செவ்வீடு' என்பது அதன் பெயர். வீடு அமைந்துவிட்டது, உள்ளே போடத் தகுந்த நாற்காலியோ திரையோ கடையில் அகப்படவில்லை. யந்திரங்கள் கொட்டிக் குவித்த அலங்காரச் சரக்குகள் லண்டன் மாநகரெங்கும் நிறைந்திருந்த காலம் அது. வாங்கமாட்டோம், நாமே செய்துகொள்வோம் என்று நண்பர் கூட்டம் தீர்மானித்தது. பகிஷ்காரம் என்ற சொல்லை நம்மவர் கற்பதற்கு வெகுகாலம் முன்னரே ஒரு வீட்டளவில் நடந்த பகிஷ்காரம் என்று இதைச் சொல்லலாம். மாரிஸும் மனைவியும் பழைய பூத்தையல் வேலைகளை இழை இழையாகப் பிரித்துப் பார்த்தே தையல் வகைகளைக் கற்றார்கள். சுவர்களில் சித்திரம், கூரையில் கோலம், திரைகளில் பன்னிரண்டு மாதரசிகளின் உருவம் என்று ஒரே சமயத்தில் எத்தனையோ வேலைகள் தொடங்கப்பட்டன. மாதரசிகளில் சிலரே தையலில் உருப்பெற்றார்கள். ஏனையோர் படத்தளவில் நின்றுவிட்டனர்.

இந்த வீட்டு வேலையே கம்பெனியாயிற்று. 1861-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் எழுவர் கூடி 'மாரிஸ், மார்ஷல், பாக்னர் கம்பெனி'யைத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு பவுன் பங்கு. மாரிஸின் தாயார் கடனாகக் கொடுத்தது நூறு பவுன். மறுவருஷம் லண்டனில் நடந்த சர்வதேசப் பொருட்காட்சியில் அவர்களுடைய சரக்குகளுக்குப் பதக்கங்கள் கிடைத்தன. சுவர்க்காகிதத்துக்கு 1862-ல் முதற்சித்திரம் வரைந்தார் மாரிஸ். அதைத் துத்தநாகத் தகட்டில் அரித்தெடுத்து எண்ணெய் வர்ணத்தில் தாமே அச்சிடுவது திட்டம். பல நாள் போராடியும் அது சரிப்படவில்லை. தகட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மரக்கட்டையில் வெட்டுவித்து, அவ்வேலையில் தேர்ந்த வேறொரு கம்பெனியாரிடம் அச்சுக்குக் கொடுத்தார். 1864 முதல் அவை விற்பனைக்கு வந்தன. தாமே செய்ய முடியாததைச் செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதும் ஒரு திட்டமாற்றமே. இதைச் செய்ய மனமில்லாமல் எத்தனை நல்ல முயற்சிகள் நம்மிடையே முளையிலேயே கருகிப் போயின என்பதை நேயர்கள் அறிவார்கள்.

செவ்வீட்டின் திட்டமும் நிலைக்கவில்லை. வீட்டுக்கு ஒரு பக்கம் சேர்த்துக் கட்டி, பர்ன்-ஜோன்ஸ் குடும்பத்தைக் குடியேற்றி, தொழிற்கூடத்தையும் அங்கேயே கொண்டுவர நினைத்தார்கள். வரைபடமும் தயாராயிற்று. 1864-ல் நண்பரின் மனைவிக்கு விஷ ஜ்வரம் கண்டது, சிசு இறந்தது, அவர் வரவில்லை என்று எழுதிவிட்டார். மாரிஸ் தாமும் வாத ஜ்வரத்தில் படுத்திருந்த வேளை அது. மறுவருஷம் வீட்டை விட்டு, லண்டனில் தொழிற்கூடத்து மாடியிலேயே குடித்தனம் வைத்தார். அரிதின் முயன்று அலங்கரித்த அந்த வீட்டில் அவர் மறுபடி வாழவேயில்லை.

இனி, சாயத்துக்கு வருவோம். மாரிஸின் நிலையைச் சோதிக்க இதைவிடத் தக்க உரைகல் இல்லை.

1856-ல் பெர்க்கின் என்ற இங்கிலீஷ் இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் கண்டுபிடித்தார். பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் மஞ்சிட்டி வேரின் சிவப்பையும் ரசாயன சாஸ்திரிகள் செயற்கையாய் உண்டாக்கிவிட்டார்கள். சாயக்காரனின் பழைய அறிவு ஒரு தலைமுறைக்குள் செல்லாக்காசாகும் நிலை ஏற்பட்டது. மாரிஸுக்கு அப்புதுச் சாயங்களின் நிறம் கண்ணில் உறுத்திற்று; அவை மங்கும்போது அருவருப்பாய் மங்குவது அதைவிடப் பொறுக்கவில்லை. பூத்தையலுக்கு நல்ல நிறத்தில் நூல் வேண்டும் என்று தொடங்கிய சிறு விஷயம், சாயத்தொழிலையே அடிமுதல் கற்பது என்ற பெருமுயற்சியாய் முடிந்தது.

1875 முதல் ஸ்டாபோர்டு மாகாணத்து லீக் என்னும் பட்டணத்தில் தாமஸ் வார்டில் என்ற சாயத்தொழிலதிபரிடம் சென்று வேலை பழகினார். வார்டில் நம் நாட்டுத் தஸர்ப் பட்டுக்குச் சாயம் ஏற்றும் வித்தையில் பேர்போனவர். 1885-86-ல் பட்டுத்தொழிலைப் பார்வையிட இந்தியாவுக்கே வந்து போனவர். கம்பெனியின் முதலாளியும் புகழ்பெற்ற கவியுமான மாரிஸ், நாற்பது வயதுக்கு மேல், மரக்காலணியும் நீளச்சட்டையும் தரித்துச் சாயத்தொட்டிகளின் நடுவே நின்றார். பழைய மூலிகை நூல்களைப் புரட்டி, பாப்லார்ச் சுள்ளிகளைக் கொதிக்கவைத்து மஞ்சள் நிறம் எடுத்துப் பார்த்தார். கைகள் முழங்கை வரை நீலமாயிருந்தன. கனவான்கள் வீட்டு விருந்துக்கு அந்த நீலக்கைகளோடு அவர் போனதுண்டு.

எல்லாவற்றினும் அவரை வாட்டியது அவுரி நீலம். நேயர்களில் பலர் அவுரியை நீலத்தோட்டத் துரைகளின் கொடுமையோடு சேர்த்தே அறிவார்கள். 1917-ல் சம்பாரனில் மகாத்மா காந்தி தலையிட்டது அதன்பொருட்டே. தொழில் முறையில் அதன் சுபாவத்தைச் சிறிது சொல்வோம். அவுரி நீலம் நீரில் கரையாது. சாடியிலிட்டுப் பக்குவமாய்ப் புளிக்கவைத்தால் நீலம் மறைந்து மஞ்சள்பச்சை நீராகும். அதில் தோய்த்தெடுத்த நூல் முதலில் பச்சையாய்த் தோன்றும். காற்றுப்பட்டதும் கண்ணெதிரே நீலமாய் மாறும். சாடியின் சூடு சிறிது ஏறினாலும் குறைந்தாலும் பாழ். நூலைப் பொறுத்தமட்டில் இதை மாரிஸ் வசப்படுத்தினார். துணியில் சித்திரம் அச்சிடுவதோ வேறு கதை. துணி முழுவதையும் நீலத்தில் தோய்த்து, பின்னர் வேண்டிய இடத்தில் மட்டும் வெளுக்கும் மருந்தை மரக்கட்டையால் ஒற்றி, நீலத்தை வாங்கிவிடவேண்டும். லீக் பட்டணத்தில் அது கைகூடவில்லை. நிறம் போதவில்லை, மாதிரிக்கு இசையவில்லை என்று வார்டிலுக்குக் கடிதத்தின்மேல் கடிதம் போயிற்று.

இவ்விடத்தில் மாரிஸ் செய்ததை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். வராத வேலைமுன் தலையில் கைவைத்து உட்காரவுமில்லை. அதை ஒழித்து வேறு கடை திறக்கவுமில்லை. அவுரி அச்சை அடுப்பங்கரையில் உறைகுத்தி வைப்பதுபோல் ஒருபுறம் வைத்துவிட்டு, கைக்கு வந்த வேலையைத் தொடர்ந்தார். சாயமேற்றிய நல்ல நூல் கையில் இருந்தது, ஆகவே நெசவு. 1877-ல் பிரான்ஸ் தேசத்து லியான் நகரிலிருந்து ஒரு பட்டு நெசவாளரை வரவழைத்துத் தறி போட்டார். அடுத்த வருஷம் லண்டனை அடுத்த ஹாமர்ஸ்மித்தில் நதிக்கரை வீட்டுக்குக் குடிபோனதும், வண்டிக்கொட்டகையில் கம்பளத் தறிகளை அமைத்துப் பெண்களை வேலைக்கு வைத்தார். 1879-ல் படுக்கையறையிலேயே ஒரு சித்திரத் தறி எழுந்தது.

சித்திரத் திரை நெய்யும் தொழில் இங்கிலாந்தில் அநேகமாய் மறைந்து போயிருந்தது. கற்பிக்க ஆளில்லை. பழைய பிரெஞ்சுத் தொழில் நூலொன்றைத் துணைகொண்டு தாமே கற்றார். பாவு நெட்டுக்குத்தாய் நிற்கும் தறி அது. நெய்பவர் பின்புறம் அமர்ந்து, எதிரே வைத்த கண்ணாடியில் முன்புறச் சித்திரத்தைப் பார்த்துக்கொண்டே நெய்யவேண்டும். விடியற்காலையில் எழுந்து, வீடு விழிக்குமுன் தறியில் உட்கார்வது அவர் வழக்கம். முதல் திரையில் அகாந்தஸ் இலைகளையும் திராட்சைக்கொடியையும் நெய்தார். இலைகள் கோஸ் இலை மாதிரி அமைந்துவிட்டன என்று கேலி செய்தவரும் அவரே. ஒரு குறிப்புப் புஸ்தகத்தில் நாள்தோறும் எத்தனை மணி நெய்தார் என்று எழுதிவைத்தார். 1879 மே 10-ந் தேதி தொடங்கி செப்டம்பர் 17-ந் தேதி முடித்தார். மொத்தம் 516 மணிக்குச் சற்று மேல். சராசரி நாளொன்றுக்கு நாலு மணிக்குச் சற்றுக் குறைவு. கம்பெனி, சாயம், கம்பளம், பிரசங்கம் எல்லாவற்றுக்கும் நடுவே இது நடந்தது. தறியில் இருந்துகொண்டே ஒரு காவியத்தை மனத்தில் கட்ட முடியாதவனுக்குக் காவியம் எதற்கு என்று அவர் சொன்னதாக வரலாறு. அது அவருடைய முரட்டுப் பேச்சு, எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் அந்தக் கணக்குப் புஸ்தகம் எல்லோருக்கும் பொருந்தும். பல வேலைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டவர், எதற்கு எத்தனை நிமிஷம் கொடுத்தோம் என்று சொல்லக்கூடுமானால், திண்ணைத் தீர்ப்புக்கு அஞ்சவேண்டுவதில்லை.

அவுரி என்ன ஆயிற்று? சொந்தமாய்ச் சாயத்துறை வேண்டும் என்று இடம் தேடினார்கள். காட்ஸ்வோல்டு மலைப்பக்கத்தில் பிளாக்லி என்ற சிற்றூரும் அங்கேயுள்ள பழைய பட்டு ஆலைகளும் மாரிஸின் மனத்தைக் கவர்ந்தன. லண்டனிலிருந்து தூரம் அதிகமாதலால் அந்த ஆசையை விட்டு, லண்டனுக்குத் தெற்கே வாண்டில் ஆற்றங்கரையில் மெர்ட்டன் என்ற இடத்தில் ஏழு ஏக்கர் நிலத்தோடு பழைய ஆலையொன்றை 1881-ல் குத்தகைக்கு எடுத்தார். தரையில் ஆழப் பதித்த சாடிகள், ஆற்று நீர், துணி உலர்த்தப் புல்வெளி. 1882-ல் அவுரி அச்சு வசப்பட்டது. லீக்கில் தொடங்கி ஏழு வருஷம்! 1883-ல் 'பழத்திருடன்' என்ற பெயர்பெற்ற துணி வெளிவந்தது. கெல்ம்ஸ்காட் கிராமத்தில் அவர் குடியிருந்த வீட்டுத் தோட்டத்தில் ஸ்ட்ராபெரிப் பழங்களைக் கொத்திப்போகும் பறவைகளே அதன் சித்திரம். நீலத்தில் தோய்த்து, வெளுத்து, படிகாரக் காரம் ஒற்றி, மஞ்சிட்டியில் சிவப்பேற்றி, பிறகு மஞ்சள் கொடுத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் அலசி உலர்த்தி, நாட்கணக்கில் உருவான துணி. கம்பெனியின் அச்சுத்துணிகளில் விலையுயர்ந்தவற்றில் அதுவும் ஒன்று. ஆயினும் நன்றாய் விற்றது. ஜெர்மானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1897-ல். மாரிஸ் அதைக் காண இருக்கவில்லை.

எல்லாம் இவ்வாறே சுபமாய் முடிந்ததென்று நேயர்கள் நினைத்துவிடக்கூடாது. திட்டத்தை ஒருவர் மாற்றும்போது உடனிருப்பவருக்குச் சேதம் உண்டு. 1875-ல் கம்பெனியைத் தம் பெயரில் தனியே நடத்த மாரிஸ் முற்பட்டபோது, பழைய பங்காளிகளில் மூவர் தத்தம் பாகத்தைக் கேட்டார்கள். உழைப்பும் முதலும் பெரும்பாலும் மாரிஸுடையவை. பத்திரத்தின்படி உரிமையோ எல்லாருக்கும் சமம். மூவருக்கும் ஆளுக்கு ஆயிரம் பவுன் கொடுத்துத் தீர்த்தார். மற்ற மூவர் ஒன்றும் வேண்டாமென்று விட்டுக்கொடுத்தனர். ஒரு பவுன் போட்டு ஆயிரம் பவுன் வாங்கினார்களே என்று மூவரை நிந்திப்போர் உண்டு. நாம் அப்படி நிந்திக்கமாட்டோம். நண்பர்கள் கூடித் தொழில் தொடங்கும் நாளில் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பதை அவமரியாதையென்று கருதுவது எங்கும் உள்ள வழக்கம். அதற்குரிய கட்டணம் பின்னால் வசூலாகும்.

முடியாமலே நின்ற வேலைகளும் உண்டு. வர்ஜில் மகாகவியின் காவியத்தைக் கன்றுத்தோலில் தம் கைப்பட எழுதி, பொன்னும் வர்ணமும் தீட்டத் தொடங்கினார். பாதியளவில் நின்றுவிட்டது. ஆயினும் அதே காலத்தில் அக்காவியத்தையே இங்கிலீஷில் மொழிபெயர்த்து 1875-ல் வெளியிட்டார். கையெழுத்துப் பயிற்சியும் வீணாகவில்லை. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே எவ்வளவு வெளி விடவேண்டும் என்று அப்போது பழகிய கண், பதினைந்து வருஷம் கழித்து வேறிடத்தில் பயன்பட்டது. விட்ட வேலையிலிருந்து தொட்ட வேலைக்கு ஏதேனும் வந்து சேர்ந்ததா என்று பார்க்கவேண்டும். வந்ததாயின் அது திட்டமாற்றம். வரவில்லையாயின் திண்ணைக்காரர் சொல்வதே சரி.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சங்கடம் ஒன்று அவரைத் தொடர்ந்து வந்தது. கையால் செய்த பொருளுக்கு விலை அதிகம்; அதிக விலை கொடுப்பவர் செல்வர். பெருந்தனவந்தர் ஒருவருடைய மாளிகையை அலங்கரித்துக்கொண்டிருந்தபோது, இக்கூட்டத்தாரின் பன்றித்தனமான சுகபோகத்துக்கா நம் ஆயுளைச் செலவிடுகிறோம் என்று அவர் சீறியது பிரசித்தம். 1883-ல் ஸோஷலிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். தம் புஸ்தகசாலையில் அருமையான நூல்களை விற்றுக் கட்சிக்குப் பணம் கொடுத்தார். தறியும் சாயமும் நின்றனவா? நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெருப்பிரசங்கம், வாரநாளில் மெர்ட்டன். இரண்டு குதிரைமேல் சவாரி என்று கட்சியிலும் சிரித்தார்கள், கடையிலும் சிரித்தார்கள். தொழிலாளி தன் வேலையில் இன்பம் காணவேண்டும் என்ற ஒரே எண்ணமே அவரை இரண்டு இடத்துக்கும் இழுத்துச் சென்றது என்பது நமது அபிப்பிராயம். ஆனால் சரக்கின் விலை குறையவில்லை. அந்த முடிச்சை அவர் அவிழ்க்கவில்லை, அவிழ்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளவுமில்லை.

இந்தியாவைப்பற்றியும் அவர் மௌனமாயிருந்தாரில்லை. 1879 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் நகரில் செய்த பிரசங்கத்தில், கீழ்நாட்டாரின் புராதனக் கைத்தொழில்கள் மேல்நாட்டு வெற்றியாலும் வியாபாரத்தாலும் நசிப்பதை எடுத்துக்காட்டி, இந்திய சர்க்கார் சிறைச்சாலைகளில் மலிவுக் கம்பளம் நெய்வித்து விற்பதைக் கண்டித்தார். மறுவருஷம் தம் கம்பளங்களை விளம்பரம் செய்தபோது, கிழக்கின் கம்பளக்கலை சீர்குலைந்துவிட்டதாதலால் இனி மேற்கத்தியர் தாமே நெய்துகொள்ளவேண்டும் என்று எழுதினார். உண்மை பேசியவரே, எனினும் அந்தத் துக்கச் செய்தியே அவர் கடைக்கு முதலீடாயிற்று என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

கடைசித் தொழில் அச்சு. 1888 நவம்பரில் எமரி வாக்கர் என்ற நண்பர் பழைய அச்சுப் புஸ்தகங்களின் பக்கங்களை விளக்குப்படமாய்த் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். அதைக் கண்டதும் மாரிஸுக்குச் சொந்தமாய் எழுத்து வார்க்கும் ஆசை பிறந்தது. வெனிஸ் நகரத்து ஜென்ஸன் நானூறு வருஷங்களுக்கு முன் வார்த்த எழுத்துக்களைப் புகைப்படத்தில் பெரிதாக்கி, அவற்றின் அமைப்பு கையில் படியும் வரை வரைந்து வரைந்து, பிறகு தம் எழுத்தை வடித்தார். காகிதத்தைக் கென்ட் மாகாணத்தில் கையால் செய்வித்தார். 1891-ல் ஹாமர்ஸ்மித்தில் கெல்ம்ஸ்காட் அச்சுக்கூடம் திறந்தது. அங்கேயும் முதல் நாளே திட்டம் மாறிற்று. 'பொன் இதிகாசம்' என்ற பழைய நூலே முதற்புஸ்தகம் என்று வைத்து, எழுத்துக்கும் அதன் பெயரையே இட்டிருந்தார். வந்த காகிதமோ அந்நூலுக்கு அளவு போதவில்லை. தாம் எழுதிய சிறு கதையொன்றை முந்தி அச்சிட்டார். 'பொன் இதிகாசம்' மறுவருஷத்துக்குப் போயிற்று.

சாஸர் கவியின் நூற்றொகுதியில் இந்த மாற்றங்கள் உச்சத்தை எட்டின. அதற்கென்று வடித்த எழுத்து பெரிதாய்ப் போனதால், அதையே சிறிய அளவில் மீண்டும் வெட்டுவித்தார். அறுபதளவில் என்று பேசப்பட்ட பர்ன்-ஜோன்ஸின் சித்திரங்கள் 87 ஆயின. 325 பிரதி என்றிருந்தது காகிதத்தில் 425-ம் கன்றுத்தோலில் 13-ம் ஆயிற்று. ஒரு யந்திரம் போதாமல் இன்னொரு யந்திரம் வந்தது. பாதி வேலையில் அச்சிட்ட தாள்களில் மஞ்சட்கறை தோன்றியபோது, எல்லாம் போயிற்றென்று அஞ்சினார்கள். வெயிலில் வைத்து அதைப் போக்கினார்கள். மறுநாள் காலைக்குள் பத்திரிகை வெளிவந்தாகவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் உழலும் நம்போன்றார்க்கு, ஒரு புஸ்தகத்தை 1894 ஆகஸ்டு முதல் 1896 மே வரை அச்சிட்ட செய்தி பொறாமையை உண்டாக்குகிறது. அவ்வருஷம் ஜூன் மாதம் கட்டடம் செய்த முதற்பிரதி மாரிஸின் கைக்கு வந்தது. அக்டோபர் 3-ந் தேதி அவர் காலமானார். விலை 20 பவுன். தொழிலாளி ஒருவனுக்குப் பல வாரக் கூலி. முடிச்சு அவிழவில்லை என்று முன்பே சொன்னோம்.

அந்த அச்சு யந்திரத்துக்கு நம்மவர் ஒருவரோடு சம்பந்தம் ஏற்பட்டது. மாரிஸ் காலமான பின், கெல்ம்ஸ்காட் யந்திரங்களை ஆஷ்பீ என்பவர் 1898-ல் வாங்கித் தம் கைத்தொழிற் சங்கத்தில் வைத்து நடத்தினார். சில வருஷங்களில் அச்சங்கம் கடனில் மூழ்கிற்று. அப்போது அச்சுக்கூடத்தை ஏற்றுக்கொண்டவர் ஆனந்த குமாரஸ்வாமி. ஈழத்துத் தமிழரான ஸர் முத்துக் குமாரஸ்வாமிக்கும் இங்கிலீஷ் மாதொருவருக்கும் 1877-ல் கொழும்பில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, பூகர்ப்ப சாஸ்திரம் பயின்றவர். 1903 முதல் 1906 வரை இலங்கையில் கனிப்பொருள் ஆராய்ச்சி இலாகாவின் தலைவர். பாறைகளைத் தேடி ஊர் ஊராய்ப் போனவர், கண்டி நாட்டுக் கம்மாளரும் நெசவாளரும் குயவரும் தம் தொழிலை இழந்து வருவதைக் கண்டார். பாறை ஆராய்ச்சி பின்னுக்குப் போயிற்று. அவர்களுடைய கைத்தொழிலைப்பற்றிய குறிப்புக்கள் முன்னுக்கு வந்தன. படங்களில் பலவற்றை அவர் மனைவி எதெல் எடுத்தார். பிராட் காம்ப்டன் என்ற ஊரில் பழைய தேவாலயக் கட்டடமொன்றைத் தம் வீடாக்கிக்கொண்டு, அங்கேயே யந்திரத்தை நிறுத்தி, 1907 செப்டம்பர் முதல் 1908 டிசம்பர் வரை தமது மேற்பார்வையில் அந்நூலைக் கையால் அச்சிடுவித்தார். மாரிஸ் சாஸர் நூலை அச்சிட்ட யந்திரத்திலேயே இது அச்சாயிற்று என்பதை நூலின் கடைசியில் பதிப்பித்திருக்கிறார். 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்பது நூலின் பெயர். பிரதிகள் 425; சாஸரின் காகிதப் பிரதிகளும் அத்தனையே. இரண்டாம் பதிப்பு 1956-ல் வந்தது. ஆசிரியர் காலமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.